பபிள் சிபாப்: வாங்குகிறவர்களுக்கும், வார்டு வாசலில் காத்திருக்கிறவர்களுக்கும்

குறைமாதத்தில் பிறந்து மூச்சுக்குத் திணறுகிற குழந்தைக்கு முதலில் எதைப் போடலாம் என்று யாராவது கேட்டால், யோசிக்காமல் பபிள் சிபாப் என்றுதான் சொல்வேன். மூக்கு வழியாக விடாமல் காற்றழுத்தம் கொடுத்து, குழந்தை தானே விடுகிற மூச்சைத் தாங்குகிற கருவி அது. பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சை வார்டான என்ஐசியுவில் பல வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். வெளிநாட்டுக் கம்பெனி செட், நம் நாட்டுக் கம்பெனி செட், ஸ்டோரில் இருந்த குழாயையும் பாட்டிலையும் வைத்து டாக்டர் சொல்லச் சொல்ல நாங்களே கோத்த செட் என்று எல்லாவற்றிலும் குழந்தைகளைப் பார்த்தாயிற்று. இப்போது சின்ன ஊர் நர்ஸிங் ஹோம்கள்கூட இதை வாங்க ஆரம்பித்திருக்கின்றன, நல்ல விஷயம். ஆனால் வாங்கும்போது எல்லோரும் பார்ப்பது திரை எவ்வளவு பெரிசு, ஸ்டாண்ட் எவ்வளவு பளபளப்பு என்பதைத்தான். ராத்திரி டியூட்டியில் எங்களை அலைக்கழிப்பது மூக்கில் வைக்கிற, விரல்நகம் அளவு இருக்கிற பிராங்கும், அதைப் பிடித்து நிறுத்துகிற தலைக்குல்லாவும்தான். அதைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன். உள்ளே பிள்ளையை விட்டுவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற அம்மா அப்பாக்களும் படிக்கலாம், அவர்கள் கேட்கிற சில கேள்விகளுக்கும் இதில் பதில் இருக்கிறது.

முதலில் சாமான் என்ன என்று சொல்லிவிடுகிறேன். காற்றும் ஆக்ஸிஜனும் பிளெண்டரில் கலக்கும். கலந்த காற்று ஹியூமிடிஃபையரில் சூடாகி ஈரமாகி, ஒரு குழாய் வழியாகக் குழந்தையின் மூக்கில் வைத்த இரண்டு குட்டி பிராங்குக்கு வரும். அங்கிருந்து இன்னொரு குழாய் கிளம்பித் தண்ணீர் இருக்கிற பாட்டிலுக்குள் முங்கி நிற்கும். அந்தக் குழாயின் நுனி தண்ணீர் மட்டத்துக்கு 5 செ.மீ. கீழே இருந்தால் குழந்தையின் மூச்சுப்பாதையில் 5 செ.மீ. தண்ணீர் அழுத்தம், 6 செ.மீ. இறக்கினால் 6. அவ்வளவுதான். கணக்குப் போட கம்ப்யூட்டர் இல்லை, அழுத்தத்தைத் தண்ணீரின் ஆழமே பார்த்துக்கொள்கிறது. மிச்சக் காற்று குமிழியாக வெளியே போகும்போது தண்ணீர் சலசலவென்று குலுங்கும், அந்தக் குலுக்கம் அழுத்தத்தில் சின்னச் சின்ன அதிர்வாகத் திரும்பிக் குழந்தைக்கே போகும். அந்த அதிர்வும் நுரையீரலுக்கு உதவுகிறது என்று பலர் நினைக்கிறார்கள்.

இந்த அழுத்தம் எதற்கு? நம் நுரையீரலில் காற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள சர்ஃபாக்டன்ட் என்ற வழவழப்பான பொருள் இருக்கிறது. குறைமாதக் குழந்தைக்கு அது போதுமான அளவு ஊறியிருக்காது. அதனால் மூச்சை வெளியே விட்டதும் காற்றறைகள் நனைந்த பாலிதீன் பை மாதிரி உள்பக்கம் ஒட்டிக்கொள்ளும். அடுத்த மூச்சுக்கு மறுபடி முதலிலிருந்து பிரித்துத் திறக்க வேண்டும். ஒரு கிலோகூட இல்லாத உடம்பு நிமிடத்துக்கு 60, 70 தடவை இந்த வேலையைச் செய்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே போகும், நெஞ்சுக்குழி பள்ளமாகும், மூக்கு விடைக்கும், ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு முனகல் வரும். சிபாப் கொடுக்கிற தொடர் அழுத்தம், மூச்சை விட்ட பிறகும் காற்றறைகளை முழுதாக மூடவிடாமல் கொஞ்சம் திறந்தே வைத்திருக்கும். மூச்சை இழுப்பது குழந்தைதான். இது ஒரு தாங்கல்.

அந்த முனகலைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு இந்த வேலையில் ரொம்பப் பிடித்த பாடம் அது. குழந்தை வலியில் முனகுகிறது என்று வீட்டார் நினைப்பார்கள். உண்மையில் அது தொண்டையைப் பாதி மூடிக்கொண்டு மூச்சை மெதுவாக விட்டு, உள்ளே கொஞ்சம் காற்றை நிறுத்திவைக்கப் பார்க்கிறது. தனக்குத்தானே சிபாப் கொடுத்துக்கொள்கிறது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் ஹாரிசனும் கூட இருந்தவர்களும் 1968-இல் இதைக் காட்டினார்கள்: மூச்சுக்குழாய்க்குள் டியூப் போட்டு முனக முடியாமல் செய்தால் ஆக்ஸிஜன் இறங்குகிறது, டியூபை எடுத்து முனகவிட்டால் ஏறுகிறது. அடுத்து 1971-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜார்ஜ் கிரெகரி இந்த அழுத்தத்தை வெளியிலிருந்து கொடுத்துப் பார்த்தார். மூச்சுத்திணறல் முற்றிய 20 குழந்தைகளில் 16 பேர் பிழைத்தார்கள். அந்தக் காலத்தில் அது நம்பவே முடியாத கணக்கு. வெறும் 8 வருடம் முன்னால், 1963 ஆகஸ்டில், அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து இதே நோயில் 39 மணி நேரத்தில் இறந்துபோனான். அதிபர் வீட்டுப் பிள்ளைக்கே அன்றைக்குக் கொடுக்க எதுவும் இருக்கவில்லை. இன்றைக்கு அதே எடையில், அதே வாரத்தில் பிறக்கிற குழந்தை ஒரு மாவட்ட ஆஸ்பத்திரியில் சிபாப் போட்டு, பால் குடிக்கப் பழகி, வீட்டுக்குப் போகிறது.

கிரெகரி பெரும்பாலும் தொண்டைக்குள் போட்ட டியூப் வழியாகத்தான் அழுத்தம் கொடுத்தார். மூக்கில் பிராங் வைத்து, தண்ணீரில் குமிழி விட்டு, இதைத் தினசரி வேலையாக ஆக்கிய பெருமை நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஜென்-டியன் வுங்குக்குப் போகிறது. 1987-இல் அமெரிக்காவின் 8 மையங்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது, குறைமாதக் குழந்தைகளுக்கு நாள்பட்ட நுரையீரல் நோய் மிகக் குறைவாக வந்தது கொலம்பியாவில்தான். எடுத்ததும் டியூப் போட்டு வென்டிலேட்டரில் வைக்காமல் மூக்கு வழியாகவே சமாளித்தது அதற்கு முக்கியக் காரணம் என்று இன்றைக்குப் பரவலாக ஒத்துக்கொள்கிறார்கள்.

சரி, கையில் எடுத்து வேலை செய்கிறபோது எப்படி இருக்கிறது என்று பார்க்கலாம்.

பிராங்தான் முதல் விஷயம், கடைசி விஷயமும் அதுதான். பிராங் மூக்குத் துவாரத்தை நிறைத்து உட்கார வேண்டும், ஆனால் தோலை வெளுக்க வைக்கிற அளவுக்கு அழுத்தக் கூடாது. சின்னதாக இருந்தால் காற்று ஓரத்தில் கசிந்து அழுத்தம் கிடைக்காது, அதை ஈடுகட்ட உள்ளே தள்ளுவார்கள், அங்கேதான் புண் ஆரம்பிக்கும். பெரிசாக இருந்தால் துவாரமே விரிந்து போகும். ஹட்சன் வகை பிராங் 0-விலிருந்து 5 வரை அளவில் வருகிறது, மற்ற கம்பெனிகளுக்கு அவரவர் எண் முறை. எந்தக் கம்பெனியாக இருந்தாலும் எல்லா அளவும் அலமாரியில் இருக்க வேண்டும். ஒரு ஆஸ்பத்திரியில் புது செட் வாங்கிய சமயம், பெட்டியோடு வந்த ஒரே அளவு பிராங்கை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டச் சொன்னார்கள். 900 கிராம் குழந்தைக்கும் அதுதான், 2 கிலோ குழந்தைக்கும் அதுதான். மற்ற அளவு கேட்டு ஸ்டோருக்கு இண்டென்ட் போட்டுப் போட்டுக் கை வலித்ததுதான் மிச்சம். மெஷினுக்குக் கொடுத்த பணத்தில் சின்னத் துளி போதும் பிராங் வாங்க, அதற்குத்தான் கையெழுத்துக் கிடைக்கவில்லை. மூக்கின் நடுத்தண்டில் சிவப்பு, அடுத்த ஷிஃப்டில் கருமை, அப்புறம் தோல் உரிதல் என்று அது போகிற வேகம் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். நடுத்தண்டு அரித்துப் போனால் அந்தக் குழந்தை வாழ்நாள் முழுக்க அந்த மூக்கோடு இருக்க வேண்டும்.

அதனால் பிராங்குக்கும் நடுத்தண்டுக்கும் இடையே 2 மி.மீ. இடைவெளியாவது தெரிய வேண்டும். ஒவ்வொரு தடவை குழந்தையைத் தொடும்போதும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். மேலுதட்டிலும் மூக்கிலும் முன்னதாகவே தோலைக் காக்கிற மெல்லிய ஹைட்ரோகொல்லாய்டு பட்டை ஒட்டலாம். பிராங்கையும் மூக்கு மாஸ்க்கையும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றி மாற்றிப் போட்டால் ஒரே இடத்தில் அழுத்தம் விழாது. இது நான் பார்த்ததில் ரொம்பப் பலன் தந்த பழக்கம். மாஸ்க்கும் பிராங்கும் ஒரே குழாயில் மாட்டிக்கொள்கிற மாதிரி செட் இருந்தால் அதற்கே நான் கூடுதல் மதிப்பெண் கொடுப்பேன். ஒரு தடவை போட்டு எறிய வேண்டியதைச் சுத்தம் செய்து திரும்பத் திரும்பப் போடுகிற வழக்கம் பல இடத்தில் இருக்கிறது, செலவு காரணம் புரிகிறது, ஆனால் விறைத்துப்போன சிலிக்கான் பிராங்கை அந்த மூக்கில் வைக்க மனசு வராது. விரலால் அமுக்கிப் பாருங்கள், மெத்தென்று இல்லை என்றால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

குல்லாவை யாரும் கண்டுகொள்வதில்லை. குல்லா தளர்ந்தால் பிராங் ஆடும், பிராங் ஆடினால் மூக்கு புண்ணாகும், குமிழியும் நிற்கும். புருவத்துக்கு மேல் வரையும் காது முழுக்க மூடியும் இறுக்கமாக உட்கார வேண்டும், காது மடங்கி இருக்கக் கூடாது. தலையின் அளவை டேப்பில் அளந்து குல்லா எடுக்கிறவர்களுக்கு ராத்திரி முழுக்க நிம்மதி. சில நம் நாட்டு செட்டோடு வருகிற குல்லா இரண்டு நாளில் தொளதொளவென்று ஆகிவிடுகிறது. துணி நல்லதாக இருக்கிற செட்டும் இருக்கிறது, வாங்குவதற்கு முன் கையில் இழுத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

குமிழியைப் பற்றி. குமிழி விடாமல் வந்துகொண்டிருந்தால் குழாயில் அழுத்தம் இருக்கிறது என்று அர்த்தம், நின்றால் எங்கேயோ கசிவு. வாய் திறந்திருக்கலாம், பிராங் வெளியே வந்திருக்கலாம், குழாய் கழன்றிருக்கலாம். திரும்பிப் பார்க்காமலே காதால் வார்டைக் கண்காணிக்க முடிவது இந்த முறையின் பெரிய வரம். ஆனால் புதிதாக வேலைக்கு வருகிற நர்ஸ் பிள்ளைகளிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது, குமிழி வந்தால் மட்டும் போதாது. ஃப்ளோவை, அதாவது காற்று ஓடுகிற வேகத்தை, அதிகமாக வைத்திருந்தால் பிராங் மூக்கை விட்டு நகர்ந்த பிறகும் குமிழி வந்துகொண்டே இருக்கும். குழந்தையின் நெஞ்சைப் பாருங்கள், ஸ்டெத் வைத்து இரண்டு பக்கமும் காற்று போகிற சத்தத்தைக் கேளுங்கள். ஃப்ளோ குமிழி தொடர்ந்து வருகிற அளவுக்கு மேல் தேவையில்லை, பெரும்பாலும் நிமிடத்துக்கு 5 முதல் 8 லிட்டரில் முடிந்துவிடும். அதற்கு மேல் ஏற்றினால் சத்தம் கூடும், நாம் வைத்ததைவிட அழுத்தமும் கூடும்.

வெளியே போகிற குழாயில் தண்ணீர் தேங்குவது இன்னொரு தலைவலி. ஏசி அறையில் சூடான ஈரக்காற்று குளிர்ந்து குழாயின் வளைவில் தேங்கும், தேங்கிய தண்ணீர் அழுத்தத்தைக் கூட்டும். அந்தத் தண்ணீரைப் பிடித்துவைக்கிற வாட்டர் ட்ராப் இருக்கிற செட் வாங்குங்கள், இல்லை என்றால் குழாய் மூக்கிலிருந்து பாட்டிலுக்கு இறக்கமாக வருகிற மாதிரி கட்டுங்கள். பாட்டிலில் மட்டம் ஏறினால் தானாக வழிகிற ஓட்டை உள்ள டிசைன்தான் நல்லது. சாதாரண பாட்டிலில் ஸ்கேல் ஒட்டி வைத்திருக்கிற செட்டில் ஒவ்வொரு மணி நேரமும் மட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அழுத்தம் எதிர்பாராமல் ஏறினால் திறந்துகொள்கிற பாப்-ஆஃப் வால்வு இல்லாத செட்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

ஹியூமிடிஃபையரில் காசு மிச்சம் பிடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். காற்று 37 டிகிரியில், முழு ஈரத்தோடு மூக்குக்கு வர வேண்டும். காய்ந்த குளிர்ந்த காற்றை அந்த வேகத்தில் விட்டால் மூக்கின் உள்தோல் காய்ந்து, சளி கெட்டியாகி, பிராங்கே அடைத்துக்கொள்ளும். குழந்தையின் உடம்புச் சூடும் இறங்கும், சிபாப்பைக் குறை சொல்வார்கள். ஆக்ஸிஜன் சிலிண்டரில் மாட்டுகிற சாதாரண குமிழி பாட்டில் இதற்கு உதவாது. சூடாக்குகிற ஹியூமிடிஃபையர், உள்ளே கம்பி ஓடிக் குழாயையும் சூடாக வைத்திருக்கிற சர்க்யூட் (குழாய்த் தொகுதி), இரண்டும் சேர்ந்து இருந்தால் மேலே சொன்ன தண்ணீர் தேங்குகிற தொல்லையும் பாதியாகும்.

பிளெண்டர். இதில் மட்டும் நான் எந்தச் சமரசத்துக்கும் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆக்ஸிஜன் மருந்து, அளவு மீறினால் குறைமாதக் குழந்தையின் கண்ணைக் குடிக்கும். விழித்திரையின் ரத்தக்குழாய்கள் தாறுமாறாக வளர்ந்து பார்வையே போகலாம். சிபாப்பில் இருக்கிற குழந்தைக்குப் பொதுவாக சாச்சுரேஷனை, அதாவது ரத்தத்தில் இருக்கிற ஆக்ஸிஜன் அளவை, 90-லிருந்து 95 சதவீதத்துக்குள் வைக்கிறோம், ஆக்ஸிஜன் ஓடிக்கொண்டிருக்கும்போது மானிட்டரில் 99, 100 என்று காட்டினால் அது சந்தோஷப்பட வேண்டிய எண் இல்லை, பிளெண்டரைத் திருகிக் குறைக்க வேண்டிய எண். பிளெண்டர் இல்லாமல் சுத்த ஆக்ஸிஜனை மட்டும் பாட்டிலில் குமிழி விட்டு "எங்களிடமும் சிபாப் இருக்கிறது" என்று சொல்கிற இடங்கள் உண்டு. அங்கே உயிர் பிழைத்த குழந்தை அப்புறம் கண் டாக்டரிடம் போய் நிற்கும். நீங்கள் பெற்றோராக இருந்தால் ஒன்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தை, 2 கிலோவுக்குக் குறைந்த குழந்தை என்றால் பிறந்து 4 வாரத்துக்குள் விழித்திரைப் பரிசோதனை ஆக வேண்டும், ரொம்பச் சின்னக் குழந்தைக்கு அதற்கும் முன்னாலேயே. டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த களிப்பில் அந்தத் தேதியை விட்டுவிடாதீர்கள்.

பிளெண்டருக்கு ஆக்ஸிஜனோடு அழுத்தமான காற்றும் வேண்டும். பெரிய ஆஸ்பத்திரியில் சுவரில் லைன் இருக்கும். சின்ன இடத்தில் கம்ப்ரஸர் வாங்க வேண்டும், அதன் சத்தம் பெரிய தொந்தரவு, குழந்தையைச் சூடாக வைக்கிற வார்மர் பக்கத்திலேயே வைத்தால் குழந்தை தூங்காது. கரண்ட் போனால் கம்ப்ரஸரும் ஹியூமிடிஃபையரும் நிற்கும், எனவே யுபிஎஸ்ஸையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கரண்டே இல்லாமல், ஆக்ஸிஜன் வருகிற வேகத்திலேயே வெளிக்காற்றை இழுத்துக் கலந்துகொள்கிற மாதிரி செட்டுகளும் இப்போது இருக்கின்றன. பெங்களூரில் உருவான சான்ஸ் என்கிற கையடக்க சிபாப், ஆம்புலன்ஸிலும் வசதி குறைந்த இடத்திலும் ஓட்டுவதற்கென்றே செய்தது. தமிழ்நாட்டில் 108-இல் பச்சிளம் குழந்தைகளுக்கென்று தனி ஆம்புலன்ஸ் இருக்கிறது. ஆனாலும் பிறந்த இடத்திலேயே சிபாப் ஆரம்பித்து அதோடு ஏற்றி அனுப்பினால் வந்து சேர்கிற குழந்தையின் நிறமே வேறாக இருக்கும்.

வசதி குறைந்த இடத்தில் இது எவ்வளவு தூரம் உதவும் என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு மலாவிதான் பதில். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் செய்த பூமணி என்ற குறைந்த விலை பபிள் சிபாப்பை பிளான்டையர் நகரத்தின் குயீன் எலிசபெத் மருத்துவமனையில் பயன்படுத்திப் பார்த்து 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். மூக்கு வழியாக வெறும் ஆக்ஸிஜன் மட்டும் பெற்றவர்களில் 44 சதவீதக் குழந்தைகள் பிழைத்தார்கள், சிபாப் பெற்றவர்களில் 71 சதவீதம். டாக்காவில் ஜோபாயர் சிஷ்டி ஷாம்பூ பாட்டிலை வைத்துச் செய்த பபிள் சிபாப் பற்றிப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது 5 வயதுக்கு உட்பட்ட, நிமோனியா முற்றிய குழந்தைகளுக்கு. 2015-இல் வந்த அந்த ஆய்வில் சாதாரண ஆக்ஸிஜன் பெற்றவர்களில் 15 சதவீதம் பேர் இறந்தார்கள், பாட்டில் சிபாப்பில் 4 சதவீதம். ஷாம்பூ பாட்டிலைப் பார்த்துவிட்டு நாமும் பாட்டில் தேடக் கூடாது. அங்கே பக்கத்தில் பயிற்சி பெற்ற நர்ஸும் டாக்டரும் சாச்சுரேஷன் பார்த்துக்கொண்டு நின்றார்கள், அதுவும் சேர்ந்துதான் அந்த முறை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். வயிறு உப்பும். மூக்கு வழியாகப் போகிற காற்றில் ஒரு பங்கு வயிற்றுக்கும் போகும், அதனால் வாய் வழியாக வயிற்றுக்கு ஓஜி டியூப் போட்டு, பால் கொடுத்துக் கொஞ்ச நேரம் கழித்து அதைத் திறந்துவிட்டுக் காற்றை வெளியேற்ற வேண்டும். வயிறு உப்பினதுமே பாலை நிறுத்திவிடுகிற பழக்கம் சில இடத்தில் இருக்கிறது. வயிறு மெத்தென்று இருந்து, குழந்தை நன்றாக இருந்தால் பெரும்பாலும் காற்றுதான். ஆனால் பச்சையாக வாந்தி, மலத்தில் ரத்தம், வயிறு விறைப்பு என்றால் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும், அது வேறு கதை. நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்து அமுக்குகிற ஆபத்தும் உண்டு. 25 முதல் 28 வாரத்தில் பிறந்த 610 குழந்தைகளை வைத்து 2008-இல் வெளிவந்த காயின் ஆய்வில், 8 செ.மீ. அழுத்தத்தில் சிபாப் போட்ட பிரிவில் 9 சதவீதக் குழந்தைகளுக்கு அப்படி ஆனது, எடுத்தவுடன் டியூப் போட்ட பிரிவில் 3 சதவீதம். அதே ஆய்வில் சிபாப் பிரிவில் பாதிக்கும் கொஞ்சம் குறைவானவர்களுக்கு முதல் 5 நாளில் டியூப் போட வேண்டி வந்தது. இது எல்லாக் குழந்தையையும் காப்பாற்றுகிற மெஷின் இல்லை. நல்லாயிருந்த குழந்தை திடீரென்று சாச்சுரேஷன் இறங்கி நெஞ்சு ஒரு பக்கம் தூக்கினால், குழாயை நோண்டிக்கொண்டிருக்காமல் இந்தக் காற்றுக் கசிவை முதலில் நினைக்க வேண்டும்.

சிபாப் தனியாக ஜெயிப்பதும் இல்லை. பிரசவத்துக்கு முன் அம்மாவுக்குப் போடுகிற ஸ்டீராய்டு ஊசி, மூச்சை மறக்கிற குழந்தைக்குக் காஃபின், தேவைப்படுகிறபோது சர்ஃபாக்டன்ட் மருந்து என்று எல்லாம் கூட வர வேண்டும். இப்போது சிபாப்பை எடுக்காமலேயே மெல்லிய குழாய் ஒன்றை நுழைத்து சர்ஃபாக்டன்ட் கொடுத்துவிட்டு வெளியே எடுத்துவிடுகிறார்கள், டியூப் போட்டு வென்டிலேட்டரில் வைக்கிற அவசியம் பலருக்குக் குறைந்திருக்கிறது.

ஹை ஃப்ளோ, அதாவது மெல்லிய மூக்குக் குழாயில் சூடான ஈரக்காற்றை வேகமாக விடுகிற மெஷின், வாங்கலாமா, அது மூக்கைப் புண்ணாக்காதே என்று கேட்கிறார்கள். உண்மைதான், மூக்குக்கு அது மெத்தென்று இருக்கும், அம்மாவுக்கும் பிள்ளையைத் தூக்க சுலபம். ஆனால் 28 வாரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு முதல் சிகிச்சையாக இரண்டையும் ஒப்பிட்டு 2016-இல் வந்த ஹிப்ஸ்டர் ஆய்வில், ஹை ஃப்ளோ 25.5 சதவீதக் குழந்தைகளுக்குப் போதவில்லை, சிபாப் 13.3 சதவீதத்துக்குப் போதவில்லை. ஹை ஃப்ளோ போதாத குழந்தைகளுக்கு சிபாப் போட்டுத் தாங்கியதால்தான் டியூப் போடுவது கூடாமல் இருந்தது. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் பபிள் சிபாப் வாங்குங்கள். சிபாப்பிலிருந்து இறக்கும்போது ஹை ஃப்ளோ கைகொடுக்கும், அது இரண்டாவது வருடத்து பட்ஜெட்டில் இருக்கட்டும். உலக சுகாதார நிறுவனமும் 2022 பரிந்துரைகளில், மற்ற வகை சிபாப்புக்குப் பதில் பபிள் சிபாப்பை யோசிக்கலாம் என்று சொல்லியிருக்கிறது.

இனி வெளியே காத்திருக்கிறவர்களுக்கு. "சிஸ்டர், பிள்ளைய வென்டிலேட்டர்ல போட்டுட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டு கண் கலங்கி வருவார்கள். இல்லைம்மா, உங்கள் குழந்தை தானாக மூச்சு விடுகிறது, களைத்துப்போகாமல் இருக்க நாங்கள் பக்கத்தில் தாங்குகிறோம், அவ்வளவுதான். மூச்சுக்குழாய்க்குள் எதுவும் போகவில்லை. பாதி முகம் குல்லாவும் குழாயுமாக இருப்பதைப் பார்த்து பயப்படுவது இயல்பு. ஆயா, பாட்டிமார்கள் "மூக்கு வலிக்காதா?" என்று கேட்பார்கள், சரியான அளவில், சரியாக வைத்தால் குழந்தை அமைதியாகத் தூங்கும், அழுதுகொண்டே இருந்தால் எதையோ சரிசெய்ய வேண்டும் என்று அர்த்தம், தயங்காமல் எங்களைக் கூப்பிடுங்கள். சிபாப் ஓடும்போதே கங்காரு முறையில் நெஞ்சோடு அணைத்துக்கொள்ளலாம், டாக்டர் சரி என்றால் கேட்டு வாங்கிச் செய்யுங்கள். தாய்ப்பாலைப் பீய்ச்சிக் கொடுத்துக்கொண்டே இருங்கள், டியூப் வழியாக அது உள்ளே போகும்.

வாங்குகிறவர்களுக்கு மறுபடியும். விற்கிறவரை ஆஸ்பத்திரிக்கே வரச் சொல்லி, டாக்டரோடு ராத்திரி டியூட்டி பார்க்கிற நர்ஸ் இரண்டு பேரையும் பக்கத்தில் நிறுத்தி, பொம்மைக் குழந்தைக்கு அவர்கள் கையாலேயே மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பிராங், மாஸ்க், குல்லா, சர்க்யூட் எல்லாவற்றுக்கும் ஒரு வருடத்துக்கு என்ன விலை, எத்தனை நாளில் வந்து சேரும் என்று எழுத்தில் வாங்குங்கள். வேறு கம்பெனி பிராங் இதில் பொருந்துமா என்று கேளுங்கள். பொருந்தாது என்றால் அந்தக் கம்பெனி சப்ளை நிறுத்துகிற நாளில் மெஷின் மூலையில் நிற்கும், அப்படி நின்றதை நான் பார்த்திருக்கிறேன். சர்வீஸ் ஆள் எந்த ஊரிலிருந்து வருவார் என்பதும் முக்கியம். ஒரு நர்ஸ் எத்தனை சிபாப் குழந்தையைப் பார்க்கப் போகிறார் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். ஆள் கூட்டாமல் மெஷினை மட்டும் நான்காகப் பெருக்கினால் நான்கு மூக்கும் புண்ணாகும்.

எத்தனை நாள் இருக்கும் என்று எல்லோரும் கேட்பார்கள். 34 வாரத்துக் குழந்தை இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடலாம், 27 வாரத்துக் குழந்தைக்கு வாரக்கணக்கில் தேவைப்படலாம். முதலில் ஆக்ஸிஜனைக் குறைத்து சாதாரணக் காற்றுக்கு, அதாவது 21 சதவீதத்துக்குக் கொண்டுவருவார்கள், அழுத்தத்தை 5-க்கு இறக்குவார்கள், அதில் மூச்சு சீராக இருந்தால் எடுத்துப் பார்ப்பார்கள். எடுத்த பிறகு மறுபடி நெஞ்சு உள்வாங்கினாலோ, மூச்சை அடிக்கடி மறந்தாலோ திரும்பப் போடுவோம். அப்படிப் போட்டதைக் கண்டு மனசு உடைய வேண்டாம், சின்னக் குழந்தைகளில் பலர் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை போட்டு எடுத்துத்தான் இறங்குகிறார்கள்.